எதிர்க்கடைக்காரரும் ஒரே தராசும்

கொள்கையில் நமக்கு நேர்விரோதமானவரோடு ஒரு காரியத்துக்காக மட்டும் கை கோக்கலாமா? கோத்தால் நம் கொள்கை என்னாவது? அரசியல்வாதிகளைக் கேட்குமுன், வியாபாரிகளாகிய நாம் நம்மையே கேட்டுக் கொள்வோம்.

நமது கடைக்கு எதிரே இன்னொரு மசாலாக் கடை. விலையிலும் வாடிக்கையிலும் ஓயாத போட்டி. பெருநாளன்று கூட ஸலாமோடு சரி. ஒரு சமயம் மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய மிளகாய் மூட்டைகள் இரு கடைக்கும் எடை குறைந்து வந்தன. இருவரும் சேர்ந்து போய்க் கேட்டோம், நிறுத்துக் காட்டச் செய்தோம், கணக்கு நேராயிற்று. மறுநாள் பழையபடி போட்டிதான். இதில் யாருடைய கொள்கை கெட்டது?

நிற்க. மலேசியாவில் 2004 தேர்தலில் தேசிய முன்னணி சுமார் 64 சதவிகித வாக்குப் பெற்று, 219 இடங்களில் 198ஐ எடுத்துக் கொண்டது. (அதன் சின்னமே தராசு என்பதை நேயர்கள் அறிவார்கள்!) பாஸ், ஜசெக, கெஅடிலான் மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்தவை 20. இவற்றுள் பாஸும் ஜசெகவும் இஸ்லாமிய அரசு என்ற பிரச்னையில் 2001ல் பிரிந்தவை. அந்தப் பிரச்னை தீரவில்லை. எனினும் 2006 நவம்பரில் பெர்சே இயக்கம் தொடங்கியபோது இரண்டும் அதில் நின்றன. கேட்டவை சொற்பமே: விரலில் அழியாத மை, சுத்தமான வாக்காளர் பட்டியல், தபால் வாக்கில் சீர்திருத்தம், பத்திரிகை வானொலிகளில் எல்லோருக்கும் இடம். மை 2008 தேர்தலுக்கென வாங்கப்பட்டும், வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு கைவிடப்பட்டது. 2013ல்தான் விரலுக்கு வந்தது. வந்த மையும் கழுவினால் போகிறதென்று புகார் எழுந்தது வேறு கதை!

2010ல் கட்சிகள் விலகிக் கொள்ள, வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன் தலைமையில் பெர்சே 2.0 உருவாயிற்று. இதை நாம் பெரிதும் மெச்சுகிறோம். தராசைச் சோதிக்கிறவர் சரக்கு விற்கிறவராக இருக்கலாகாது. 2019 ஜூலையில் வாக்குரிமை வயதை 21லிருந்து 18க்குக் குறைத்த திருத்தத்தை, முன்பு ஆண்டவர்களும் அன்று ஆண்டவர்களுமாக 211 உறுப்பினர் ஆதரித்தனர், எதிர்த்தவர் ஒருவருமில்லை.

ஆனால் எடை குறைந்தவர்கள் ஒன்றுகூடுவது எளிது. பிறிதொரு சமயம் நமக்கு வந்த மூட்டையில் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. அன்று நாம் எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் யோசித்த பிறகே மொத்த வியாபாரிக்குச் சொல்லியனுப்பினோம். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கட்சிகளுக்கும் இந்த மூன்று நாள் உண்டு. 2022 தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் சுமார் 303,000 வாக்காளர். சரவாக்கின் இகானில் சுமார் 28,000. இருவரும் அனுப்புவது ஒரே ஓர் உறுப்பினரைத்தான். தூரத்துக் கிராமங்களுக்குச் சிறிது சலுகை அரசியல் சட்டத்திலேயே உண்டு, அது நியாயமே. பத்து மடங்கைச் சலுகை என்று எந்த வியாபாரி சொல்வார்? பாங்கியில் நிற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை. சிறிய தொகுதிகளில் ஜெயித்து வருகிறவர்கள் எழுந்து பேசும் நாளைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம்.