கூடும் காகமும்

தேயிலைச் செடியின் கவட்டில் கொண்டைக்குருவி கட்டிய கூட்டைக் காகம் குலைக்கிறது. கீழே விழுந்த குஞ்சைப் பூனை கவ்விச் செல்கிறது. காண்பவர் நெஞ்சு கொதிக்கிறது. கை கல்லைத் தேடுகிறது. மஸ்கெலியாவின் மலைத்தோட்டங்களில் ஆண்டுதோறும் நிகழும் இச்செயலில், அந்தக் கோபம் நியாயமானதுதானா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொடுமை என்னும் சொல், வேறுவிதமாக நடக்கக்கூடியவனுக்கே பொருந்தும். காகத்திற்கு அத்தகைய தெரிவு இல்லை. அதன் கூட்டிலும் வாய் பிளந்த குஞ்சுகள் உண்டு. கொண்டைக்குருவியும் பூச்சியைக் கொன்றுதானே தன் குஞ்சுக்கு ஊட்டுகிறது? உயிர்களை நல்லவை, தீயவை என்று பிரித்துத் தீர்ப்பளித்தால் விளைவு என்னவாகும் என்பதற்கு 1958ஆம் ஆண்டின் சீனமே சான்று. தானியம் தின்கிறதென்று சிட்டுக்குருவிக்கு எதிராக மக்கள் திரட்டப்பட்டனர். குருவி அருகிய வயல்களில் பூச்சி பெருகிற்று. 1960இல் அழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்க வேண்டியதாயிற்று.

அங்ஙனமாயின், இயற்கையின் நியதி என்று கைகட்டி நிற்கலாமா? கூடாது. காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளின் காடு வெட்டப்பட்டது. மறைவிடம் இழந்த பறவை, வேலிச்செடியிலும் கூரையடியிலும் கூடு கட்டுகிறது. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்குப் போகிறார்கள். வழியில் எறியப்படும் சோற்றுப் பொட்டலங்கள் காகத்தையும் பூனையையும் பெருக்குகின்றன. புதரை அழித்தவரும் மனிதர், வேட்டையாடும் வாயை வளர்த்தவரும் மனிதர். ஆகவே கூட்டைக் காப்பது நாம் பட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

ஆனால் இந்தக் கடனை எல்லோர் தலையிலும் சமமாகச் சுமத்துவது அநீதி. காட்டை வெட்டிய கை தொழிலாளியினுடையது, இலாபம் வேறொருவனுடையது. லயத்துக் காம்பிராவில் பூனை இருப்பது எலித்தொல்லையால். 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தோர் இம்மக்களிடையே இருந்தனர். தாம் வாழும் காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதோர் இன்றும் பலர். அவர்களிடம் சென்று ‘பூனையைத் துரத்துங்கள்’ என்று உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை.

வலிமைக்கு ஏற்பவே கடமை. முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் போதும். அதுவரை கூடுள்ள செடியைக் கவ்வாத்து வெட்டாமல் விடத் தோட்ட நிர்வாகத்தால் முடியும். ஓடைக்கரைப் புதர்களைக் காக்கவும் முடியும். யாத்திரைக்காலக் குப்பையை அன்றன்றே அகற்றுவது பிரதேச சபையின் பொறுப்பு. கூட்டை அடிக்கடி எட்டிப் பார்த்தால் காகத்திற்கு இடம் காட்டிக் கொடுத்தவர்களாவோம் என்பதை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குஞ்சு பறக்கப் பழகும் நாட்களில் பூனைக்குச் சோறிட்டு வீட்டுக்குள் வைத்திருக்க, இயன்ற வீட்டார் முயலலாம்.

காகத்தின்மீது கல்லெறிவது எளிது. அதனால் எந்தக் கூடும் பிழைத்ததில்லை. கல்லெடுக்கும் கை முதலில் குப்பையை மூடட்டும். கவ்வாத்துக் கத்தியை ஒரு மாதம் தாழ்த்தச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கட்டும்.