முத்திரை விழாத தபால் தலை

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யப் போய், பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கிடைத்தது. சுத்தம் அத்தோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அப்பா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். கவரிலிருந்து வெட்டிய தபால் தலைகளை அதில் ஊறப்போட்டு, மெள்ள உரித்து, பேப்பர் மேல் கவிழ்த்துக் காயவைப்பது என் வேலை. 'மாகியார்' என்றால் ஹங்கேரி, 'ஹெல்வெட்டியா' என்றால் சுவிட்சர்லாந்து. நாட்டின் பெயரே இல்லாமல் ராணி தலை மட்டும் இருந்தால் பிரிட்டன். 1840-ல் தபால் தலையை ஆரம்பித்து வைத்த நாடாயிற்றே, அந்த மிதப்பு!

சிலவற்றில் முத்திரை விழுந்திருக்காது. "இன்னொரு லெட்டருக்கு ஒட்டலாமேப்பா?" என்பேன். "அது வேலையைச் செஞ்சு முடிச்சாச்சுடா. திரும்ப ஒட்டினா திருட்டு" என்று அதையும் ஆல்பத்தில் வைத்துவிடுவார்.

ஒரு தடவை அப்படி ஒன்றை ரகசியமாக உருவி, பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசு வரவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. வாரா வாரம் ஆல்பத்தைப் புரட்டியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நான் பி.காம். ஒரு ரூபாய் தபால் தலை, தபால் இலாகாவுக்கு ஒரு நஷ்டமே இல்லை. ஆனால், அப்பா கேட்காமல் விட்டதை எந்தப் பக்கம் எழுதுவது? மன்னித்துவிட்டாரா, நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரா? தண்டித்திருந்தால் அன்றே கணக்கு முடிந்திருக்கும். இப்போது சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

மகளிடம் சொன்னேன். ஆல்பத்தோடு கிடந்த பழைய கவர்களை வெட்டி, இருவரும் கிண்ணத்தில் ஊறப்போட்டோம்.

"அந்தக் காலி இடத்துல ஒண்ணு ஒட்டிடலாமாப்பா?"

"வேண்டாம்மா. அது அப்படியே இருக்கட்டும்."