பூட்டும் திறவுகோலும்

மறதியை இயற்கை மனிதனுக்கு அளித்த வரம் என்பார் உண்டு. சாபம் என்பாரும் உண்டு. துயரை மறக்க முடிவதால் வாழ்கிறோம். கடமையை மறந்துவிடுவதால் தாழ்கிறோம். இவ்விரண்டிலும் சேராத மறதி ஒன்று நம் காலத்தில் தோன்றியிருக்கிறது. தன் பொருளுக்குத் தானே பூட்டிட்டு, அதன் திறவுகோலாகிய சொல்லைத் தானே மறந்து, தன் வீட்டு வாயிலில் தானே அயலானாக நிற்கும் மறதி அது. மடிக்கணினியின் கடவுச்சொல்லை மறந்தவர் அனைவரும் அந்நிலையை அறிவர். தொழில்நுட்பம் அறிந்தார் தீர்க்கவேண்டிய சிறு தொல்லை இது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று, அறநூலார் ஆராய வேண்டிய இரண்டு வினாக்கள் அதனுள் அடங்கியிருப்பதை உணர்த்தியது. மறந்தவன் தன் பொருள்மீதுள்ள உரிமையை இழக்கிறானா என்பது முதல் வினா. அவன் மறைந்தபின் அப்பூட்டைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பது இரண்டாம் வினா.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1960களில் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தவர். லேக் மார்க்கெட்டை அடுத்த சந்து ஒன்றில் வாடகை வீட்டில் குடியிருந்து, தனியார் நிறுவனம் ஒன்றில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். எழுபது வயதுக்கு மேல் மடிக்கணினி ஒன்றை வாங்கித் தமிழில் தட்டெழுதப் பழகினார். தட்டச்சுப் பொறியில் தேய்ந்த விரல்களுக்கு அது எளிதாகவே கைவந்தது. நாள்தோறும் காலைக் காப்பிக்குப் பின் ஒரு மணி நேரம் எதையோ எழுதுவார். என்னவென்று கேட்டால், “முடியட்டும், காட்டுகிறேன்” என்பார்.

ஒரு மழைக்காலத்தில் கடும் காய்ச்சலில் பத்து நாள் கிடந்து எழுந்தவர், கணினியின் முன் அமர்ந்தார். கடவுச்சொல் நினைவுக்கு வரவில்லை. ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர், எங்கள் பிறந்த நாட்கள் என ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் அது திறக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். “வேண்டாமப்பா, தானே நினைவுக்கு வரும்” என்றார். அதன்பின் காலைதோறும் ஐந்து நிமிடம் அதன்முன் அமர்ந்து முயல்வதே அவர் வழக்கமாயிற்று. “எனக்கு இதைத் தெரிகிறது, இதற்குத்தான் என்னைத் தெரியவில்லை” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நான்கு திங்கள் கழித்து அவர் காலமானார். கணினி பூட்டியபடியே அலமாரியில் இருந்தது.

“இதற்குத்தான் என்னைத் தெரியவில்லை” என்ற அச்சொல்லை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். நம் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1950களின் நடுவில் நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி வந்து இறங்கியபோது, அறைக் கதவின் பூட்டே அதற்குப் போதுமாயிருந்திருக்கும். ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தபோதுதான் தனித்தனிப் பூட்டு தேவைப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பார் தலைமையில், 1960களின் தொடக்கத்தில் இவ்வழக்கம் கணிப்பொறிக்குள் புகுந்தது. 1962இலேயே அங்கு ஆய்வு செய்த ஒருவர், தமக்குக் கூடுதல் நேரம் வேண்டி, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இத்தகைய அனுபவங்களால், சொல்லை அப்படியே எழுதிவைக்கும் முறை பின்னாளில் கைவிடப்பட்டது. இன்று செம்மையாக அமைந்த பொறிகள் நம் சொல்லைச் சேமிப்பதில்லை. மீளப் பெற முடியாத ஒருவழிக் கணக்கால் அதனை வேறோர் எழுத்துத் தொடராக மாற்றி, அத்தொடரை மட்டுமே வைத்துக்கொள்கின்றன. ஆகவே கடவுச்சொல் இன்னதென்று பொறியைக் கேட்டுப் பயனில்லை. அதற்கே அது தெரியாது. அச்சொல் உறையும் ஒரே இடம் உரியவரின் நெஞ்சம். அங்கும் அது அழிந்துவிட்டால் உலகில் எங்குமே இல்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். பொறி ஆளை அறிவதில்லை. அறிவை மட்டுமே அறிகிறது. சொல் தெரிந்த கள்வன் அதற்கு உரியவன். சொல் மறந்த உரியவன் அதற்குக் கள்வன். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது புதிதன்று. சொந்த ஊரில் ‘இன்னார் மகன்’ என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. இங்கு வந்தபின் வாடகைச் சீட்டும் குடும்ப அட்டையும் காட்டித்தான் நாம் நாமென்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அத்தாளைத் தொலைத்தவன் தன்னையே தொலைத்தவனாகிவிடுவதில்லை. அவ்வாறே, சொல்லை மறந்தவனும் தன் உரிமையை இழப்பதில்லை. பூட்டு உரிமைக்குக் காவலேயன்றி உரிமையின் ஊற்று அன்று.

வள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்து மறதியைக் கடிந்தாரே என்று கேட்கலாம். அவர் கடிந்தது மகிழ்ச்சிச் செருக்கால் கடமையில் சோர்வுறும் மறதியை. முதுமையும் நோயும் கொண்டுபோன நினைவையன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல், வீட்டில் முதியவர் ஒன்றை மறந்தால் குற்றவாளியைப் போல் வினவுகிறோம். நானும் ஒருமுறை, “எங்காவது எழுதி வைத்திருக்கக் கூடாதா?” என்று கடிந்து கேட்டேன். தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இரண்டாம் வினா இதனினும் கடினமானது. தந்தையார் மறைந்த பின் என் தங்கை சென்னையிலிருந்து தொலைபேசியில், “அண்ணா, அதைத் திறந்து படங்களையாவது எடுத்து அனுப்புங்கள்” என்றாள். எனக்கோ அவர் சொன்ன ‘வேண்டாம்’ செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் பொருள் என்ன? ‘நினைவு வரும்வரை பொறு’ என்பதா? ‘எக்காலத்தும் திறவாதே’ என்பதா? அவரைக் கேட்டறியும் வாய்ப்பை நான் இழந்துவிட்டேன்.

இவ்வழக்கு ஒரு நாட்டின் உயர்நீதி மன்றம் வரை சென்றதுண்டு. செர்மனியில் 2012இல் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி சுரங்க இரயிலில் அடிபட்டு இறந்தாள். அது விபத்தா, தற்கொலையா என்றறிய விரும்பிய பெற்றோர், அவளது முகநூல் கணக்கைப் பார்வையிட வேண்டினர். அவளோடு உரையாடியவர்களின் அந்தரங்கமும் அதில் உண்டு என்று நிறுவனம் மறுத்தது. கீழ்மன்றங்கள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தன. இறுதியில் 2018 சூலை 12 அன்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம், நாட்குறிப்பும் கடிதமும் வாரிசுகளைச் சேர்வதுபோலவே இக்கணக்கும் சேரும் எனப் பெற்றோர் பக்கம் தீர்த்தது. நம் நாட்டில் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், ஒருவர் தம் மறைவுக்குப் பின்னோ, செயலிழந்த நிலையிலோ தம் தரவுரிமைகளைச் செலுத்தப் பிறர் ஒருவரை நியமிக்க வழிவகுத்திருக்கிறது.

எனினும் சட்டம் இசைவளிப்பதெல்லாம் அறம் ஆகிவிடாது. அந்நிறுவனத்தின் மறுப்பில் ஒரு நியாயம் இருக்கவே செய்தது. கடிதத்துக்கு எழுதினவரும் உண்டு, பெற்றவரும் உண்டு. ஒருவர் இறப்பதால் மற்றவரின் நாணம் இறப்பதில்லை. மேலும், மனிதன் தன் மனைவி மக்களுக்கும் காட்டாத ஒரு மூலையைத் தன்னுள் வைத்துக்கொள்வது குற்றமன்று. அம்மூலையை மதிப்பதும் அன்பின் ஒரு கூறே. ஆனால் அம்மதிப்பையே காரணமாக்கி, அவர் நமக்கென்றே விட்டுச்சென்றதையும் மண்ணாக விடுவது அன்பாகுமா?

இவ்விடத்தில் என் எளிய தொழில் எனக்கு ஒரு விடை தந்தது. நான் மத்திய அரசு அலுவலக எழுத்தன். அரசுப் பணத்தைக் காக்கும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று பொறுப்பாளர் கையில் இருக்கும். மற்றொன்று உறையிலிட்டு அரக்கு முத்திரை பதித்து வேறோர் இடத்தில் ஒப்படைக்கப்படும். உறையை வைத்திருப்பவர் பெட்டியைத் திறப்பதில்லை. திறக்கும் ஆற்றல் அவரிடம் உண்டு, அதிகாரம் தேவை நேரும்போதே பிறக்கும். முத்திரை உடைந்தால் உடைத்தவர் விடை சொல்ல வேண்டும். ஐயமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ நம் முன்னோர் கண்ட ஏற்பாடு இது. அலுவலகப் பெட்டிக்கு இருபது ஆண்டுகளாக இதைக் கண்டிருந்தும், என் வீட்டுக் கணினிக்கு இது எனக்குத் தோன்றவில்லை.

முடிவைத் தாயாரிடமே விட்டேன். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “நமக்காக எழுதினது இருந்தால் பார்க்கலாம். மற்றதைத் தொடாதே” என்றார். சாந்தினி சந்தையில் கணினி பழுதுபார்க்கும் வங்காள இளைஞர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் முதலில் என்னிடம் கேட்டது, “இது யாருடையது, தாதா?” என்பதே. அக்கேள்வியால் அவர்மீது மதிப்புண்டாயிற்று. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண் இன்றி எவராலும் படிக்க முடியாது என்று விளக்கினார். நற்பேறாக அப்பழைய பொறியில் அவ்வேற்பாடு இல்லை. வட்டைக் கழற்றி வேறு பொறியில் இணைத்ததும் கோப்புகள் தோன்றின.

படங்களும், ‘குழந்தைகளுக்கு’ என்று பெயரிட்ட கோப்பும் எடுத்துக்கொண்டோம். ‘சொந்தக் கடிதங்கள்’ என்றிருந்ததை இன்றுவரை திறக்கவில்லை. முதற்கோப்பில் எங்கள் ஊரின் வாய்க்கால் முதல், ஹவுரா நிலையத்தில் அவர் இறங்கிய முதல் நாள் வரை நாற்பது பக்கம் எழுதியிருந்தார். பேரக் குழந்தைகளை விளித்தே எழுதியிருந்தார். என் மகளை அழைத்து, “தாத்தா உனக்கு எழுதியிருக்கிறார், படி” என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். பின் என்னைப் பார்த்தாள். வங்காளமும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பவள்; தமிழ் பேசுவாள்; ஆனால் எழுத்தறியாள். சாந்தினி சந்தையில் திறந்த பூட்டு எங்கள் கூடத்தில் மீண்டும் பூட்டிக்கொண்டது.

அன்பர்களே, இந்நகரில் பிரின்செப் துறையைக் காணாதார் இரார். கொல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய சேம்ஸ் பிரின்செப், 1837இல் அசோகர் காலப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். பதினான்காம் நூற்றாண்டில் பிரோசு சா துக்ளக் அசோகரின் தூண்களைத் தில்லிக்குக் கொணர்ந்தபோது, அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் எவரும் கிடைக்கவில்லை. சாஞ்சியின் சிறு கல்வெட்டுகள் பல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்ட பிரின்செப், அது ‘தானம்’ என்னும் சொல்லாகலாம் என ஊகித்தார். அவ்வொரு சொல்லே கடவுச்சொல்லாயிற்று. மதுரைப் பகுதிக் குகைகளில் உள்ள பிராமி எழுத்துகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல். கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்காமல் விட்டது ஒன்றே குறை; அதனை ஈடுசெய்ய நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

என் தந்தையார் கடவுச்சொல்லை மறந்தது நோயின் செயல். அதில் அவர்மீது பழியில்லை. என் மகளுக்கு எழுத்தைக் கற்பிக்காமல் விட்டது என் சோர்வு; வள்ளுவர் கடிந்த மறதி இதுவே. அலுவலகம், பள்ளி, போட்டித் தேர்வு என்று காரணங்கள் பல உண்டு. ஒன்றும் நிறைவான காரணம் அன்று.

இப்போது எங்கள் வீட்டில் முத்திரையிட்ட உறை ஒன்று தாயாரின் பெட்டியில் இருக்கிறது. என் கணினிக்குரிய சொல்லும், எவற்றைத் திறக்கலாம், எவற்றைத் திறவாமல் அழிக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் உள்ளன. அதை எழுத அரைமணி நேரமே ஆயிற்று. ஞாயிறுதோறும் மகளோடு அமர்ந்து தந்தையாரின் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறோம். இந்த வேகத்தில் நாற்பது பக்கமும் முடிய நெடுநாள் ஆகும். அதுவரை தாயார் உடனிருந்து கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.