எஸ்.பொ.வின் துணிச்சல்

மாரி வெள்ளம் மட்டக்களப்பின் கிரான் பாலத்தை மேவிப் பாய, புலிபாய்ந்தகல் பக்கம் போகவேண்டியவர்கள் தோணிக்குக் காத்திருக்கும் நாட்களில் ஆறுதலாகப் படிக்க உகந்த நாவல், எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’. 1932-இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் ஜனித்து, மட்டக்களப்பிலே விவாகம் செய்து, நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த எஸ்.பொ., 1961-இல் வெளியான ‘தீ’ நாவலில் காமத்தை ஒளிவுமறைவின்றி எழுதியமைக்காகப் பெற்ற கண்டனங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆயினும், என் அபிப்பிராயத்தில், அதனினும் துணிச்சல் மிக்கது ‘சடங்கு’தான்: கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் குமாஸ்தா ஒருவர், மனைவியோடு தனித்திருக்கும் ஆசையுடன் விடுமுறையில் வீட்டுக்கு வந்து, மாமியாரும் பிள்ளைகளும் குடும்ப அலுவல்களும் இடங்கொடாமையால், வந்த ஆசை வந்தபடியே இருக்கத் திரும்பிப் போகிறார், கதை இவ்வளவே. இத்தனை சாதாரணமான சங்கடத்தை நாவலின் விஷயமாக ஏற்க அன்று எவருக்குத் தைரியம் இருந்தது?

முற்போக்காளரோடு முரண்பட்டு, ‘நற்போக்கு’ என்று அவர் தனிக்கொடி பிடித்த கதையை விரித்தால் இந்தக் குறிப்பு கொள்ளாது. பின்னர் நைஜீரியாவில் ஆசிரியராகி, அவுஸ்திரேலியாவில் குடியேறி, ஆபிரிக்க இலக்கியங்களைத் தமிழாக்கி, சென்னையில் ‘மித்ர’ பதிப்பகத்தையும் நடத்திய அவர், 2014 நவம்பரில் சிட்னியில் காலமானார்.