முறுக்கில்லாத பல்டி

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை. ஓடிவந்து தாவும் வால்ட்டில், அந்தரத்தில் இரண்டரைச் சுற்று முறுக்க வேண்டிய ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ், ஒன்றரையோடு நின்று தட்டுத்தடுமாறித் தரை தொட்டார். காற்றில் தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பிடிபடவில்லை. 'ட்விஸ்டீஸ்' என்று ஜிம்னாஸ்டுகள் நடுங்கும் சங்கதி அது. அணிப் போட்டியிலிருந்து அப்போதே விலகிக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. தலைகுப்புற விழுந்தால் கழுத்து என்னாகும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து பீமுக்கு வந்தார். பத்தே சென்டிமீட்டர் அகலக் கட்டை. இறங்கும்போது வழக்கமான முறுக்கை விட்டுவிட்டு, முறுக்கே இல்லாத இரட்டைப் பல்டி அடித்தார். வெண்கலம். பயம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்த வேலை அது. 2024 பாரிஸில் அதே வால்ட்டில் தங்கம் வாங்கினார்.

பின்பல்டி பழகும் குழந்தைக்கும் பயத்தை இப்படித்தான் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதலில் மோவாயை நெஞ்சில் ஒட்டி மெத்தையில் உருளட்டும். அப்புறம் இடுப்பில் பயிற்சியாளரின் கை. அந்தக் கையை எப்போது எடுப்பது என்பதில் மட்டும், "இன்னுமா பயம்?" என்று ஓரமாக நின்று கத்தும் அப்பாவிடம் யாரும் யோசனை கேட்க வேண்டியதில்லை.