விதெப்ஸ்க் ஓவியப் பள்ளி எழுப்பும் வினா

மாணவனுக்குச் சுதந்திரம் அளித்த ஆசிரியர், அவன் அதைக்கொண்டு தம்மையே விட்டு விலகும்போது என் செய்வது? உருசியப் புரட்சிக்குப் பின், இன்றைய பெலாருஸ் நாட்டிலுள்ள விதெப்ஸ்க் நகரில் இவ்வினா எழுந்தது.

அந்நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஓவியர் மார்க் ஷகால், 1919-இல் அங்கே மக்கள் கலைப்பள்ளியைத் தொடங்கினார். வெவ்வேறு பாணியினரையும் ஆசிரியராக அழைத்தார். அவ்வாறு வந்த லிசிட்ஸ்கி, அவ்வாண்டின் இறுதியில் மாலெவிச்சை அழைத்து வந்தார். பொருள்களின் உருவை அறவே நீக்கி, வடிவையும் வண்ணத்தையுமே கலையாகக் கண்டவர் அவர். வெண்பரப்பில் ஒரு கருஞ்சதுரம், அதுவே அவரது பெயர்பெற்ற ஓவியம்! மாணவர் அவர்பால் சாய்ந்தனர். ஷகாலின் வகுப்பு வெறுமையாயிற்று. 1920-இல் அவர் மாஸ்கோ சென்றுவிட்டார்.

அம்மாணவரை நன்றி மறந்தவர் எனப் பழிப்பது எளிது. நமக்கு அது நேர்மையாகப் படவில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்கியவர் அத்தேர்வின் விளைவையும் ஏற்க வேண்டியவரே. நம்மை உறுத்துவது வேறொன்று. 'உனோவிஸ்' என்னும் குழுவாக இணைந்த அவர்கள் சட்டைக் கையில் கருஞ்சதுரத்தைத் தைத்துக்கொண்டனர். படைப்புகளில் தம் பெயரை விடுத்துக் குழுவின் பெயரை இட்டனர். தன்முனைப்பைத் துறத்தல் என இதைப் போற்றலாம்தான். ஆயினும், தன் கைவண்ணம் எத்தகையது என அறியுமுன்பே அதைத் துறப்பவன் எதைத் துறக்கிறான்?

1922-இல் மாலெவிச்சும் பெத்ரோகிராது நகருக்குப் புறப்பட்டார். மாணவர் சிலர் அவரைப் பின்தொடர்ந்தனர்.