போனைக் கீழே வைத்துவிட்டு ஏறிய மலை



நம்ம ஊரு பழநி பக்கத்துல பாலசமுத்திரம். 2023 அக்டோபர் 1 முதல் பழநி மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. போன கிருத்திகைக்கு அடிவாரத்தில் போனைக் கொடுத்துட்டு யானைப்பாதையில் ஏறினேன். கை நாலு தடவை பாக்கெட்டைத் தடவியது.

மனசு அடங்கியதும் முதலில் வந்த நினைப்பு, அம்மாவின் கண் பரிசோதனை. மூணு மாசமா "நாளைக்கு"ன்னு தள்ளிட்டிருந்தேன். நேரம் இல்லாமல் இல்லை. அந்தக் கவலை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் போனுக்குள் ஒளிஞ்சுக்கிட்டேன்.

மலையில் என்னை அடக்கியது கோயில் விதி. வீட்டில்? அங்கே நானே எனக்கு விதி வைக்கணும். அதுக்குப் பேர்தானே விரதம்!

இறங்கியதும் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். இப்போ தினமும் காலையில் ஒரு மணி நேரம் போன் பூஜை அறையில், நான் வேலையில்.

நீங்களும் இன்னைக்கே ஆரம்பிங்க.

வேலும் மயிலும் துணை!